கடற்கரைக்கும் மலைக்கும் மைதானத்துக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்: தமிழ்நாடு நிதித்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் நிதித்துறை, பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை
பார்வைக்கு: சுற்றுலா, வனம், விளையாட்டு, நகராட்சி நிர்வாகத் துறைகள்; பெருநகர சென்னை மாநகராட்சி

வணக்கம்.

காணும் பொங்கல் முடிந்ததும் மெரினாவைப் பற்றி ஆண்டுதோறும் இரண்டு கணக்குகள் செய்தியாக வருகின்றன. எத்தனை போலீசார் பாதுகாப்புக்கு நின்றார்கள் என்பது ஒன்று. மறுநாள் காலையில் எவ்வளவு குப்பை அள்ளப்பட்டது என்பது இன்னொன்று. அன்று ஒரே நாளில் சுண்டலும் மாங்காயும் பஜ்ஜியும் விற்றவர்கள் வீட்டுக்கு என்ன கொண்டுபோனார்கள்? குதிரை ஓட்டுகிறவருக்கும் பலூன் சுடும் கடை வைத்திருப்பவருக்கும் எவ்வளவு கிடைத்தது? மாநகரப் பேருந்திலும் மின்சார ரயிலிலும் எத்தனை குடும்பங்கள் வந்தன? வருடம் முழுக்க எங்கும் போகாத ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அந்த ஒரு மாலை என்னவாக இருந்தது? இதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. போலீசும் குப்பையும் செலவு. அதனால் மெரினாவே அரசுக்கு ஒரு செலவாகத்தான் கண்ணில் படுகிறது.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். மக்கள் திறந்தவெளியில் நடப்பதும் ஓடுவதும் விளையாடுவதும் அலையில் நிற்பதும் மலை ஏறுவதும் பறவை பார்ப்பதும் இந்த மாநிலத்தின் பொருளாதாரத்தில் எவ்வளவு, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, அதனால் யார் உடம்பு தேறுகிறது என்பதை அரசே அளந்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிதித்துறைக்கு முதலில் எழுதுவதும் அதனால்தான். மற்ற துறைகள் இடத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அந்த இடத்துக்கு என்ன மதிப்பு என்று முடிவாவது உங்கள் மேசையில்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அரசு அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. அதை முதலில் தள்ளி வைத்துவிடலாம். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களில் பெரும்பாலோர் பேருந்தில் வந்து, நடந்து, அதே பேருந்தில் திரும்புகிறவர்கள். அந்த ஊரின் டீக்கடை, விடுதி, ஆட்டோ எல்லாவற்றுக்கும் மாதத்தில் அந்த ஒரு நாள் முக்கியம். வெள்ளியங்கிரியின் ஏழு மலையை ஏறுகிறவர்கள் கையில் மூங்கில் தடியோடு வருகிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஷூவோடு அல்ல. ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது நம் வழக்கம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு. பக்தியும் உலாத்தலும் உடற்பயிற்சியும் கூட்டாளிகளோடு பேசிச் சிரிப்பதும் இங்கே எப்போதும் கலந்தே இருந்திருக்கின்றன. வெளியே போவது நமக்குப் புதுசு இல்லை. அதை ஒரு தொழிலாகவும் பொதுச் சொத்தாகவும் சேர்த்துப் பார்ப்பதுதான் இன்னும் பழகவில்லை.

இப்படிப் பார்க்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. அமெரிக்காவில் 2016-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. திறந்தவெளிப் பொழுதுபோக்கு நாட்டின் பொருளாதாரத்தில் எவ்வளவு என்று அரசு அளக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அங்குள்ள பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பு இப்போது ஆண்டுதோறும், மாநிலவாரியாகவும், அந்தக் கணக்கை வெளியிடுகிறது. 2023-க்கான கணக்கில் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 சதவீதம், பணமாகச் சொன்னால் சுமார் 64,000 கோடி டாலர். வேலைவாய்ப்பு சுமார் 50 லட்சம். கடலை நம்பிய ஹவாயில் அந்தப் பங்கு ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறது. மலையும் காடுமான வெர்மான்ட், மொன்டானா மாநிலங்களில் நான்கைத் தாண்டுகிறது. யூட்டா மாநிலம் இந்தச் சட்டத்துக்கும் முன்பே, 2013-இல், இதற்கென்று தனி அலுவலகம் திறந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளில் கொலராடோவும் திறந்தது.

அந்த எண்கள் நமக்குப் பொருந்தாது. அங்கே சொந்தமாகப் படகு வாங்கி ஏரியில் விடுகிறவர்கள் அதிகம். இங்கே பத்து ரூபாய் சுண்டல். நமக்குப் பொருந்துவது அந்த எண்களுக்கு அவர்கள் வந்த முறை. ஓட்டக்காரர் வாங்கும் காலணி சில்லறை வணிகத்தில் போய்விடுகிறது. மலைக்குப் போகும் வேன் போக்குவரத்தில் போய்விடுகிறது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் எடுக்கும் அறை விடுதிக் கணக்கில், மைதானத்துக்குப் போடும் விளக்கு உள்ளாட்சிச் செலவில். எல்லாமே மாநில உற்பத்திக் கணக்கில் ஏற்கெனவே எங்கோ இருக்கின்றன, ஆனால் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதுவதைத் துணைக்கணக்கு என்கிறார்கள். சுற்றுலாவுக்கு இப்படியொரு துணைக்கணக்கு இந்தியாவில் ஏற்கெனவே உண்டு. எனவே நான் கேட்பது உங்கள் புள்ளியியல் அலுவலர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

சுற்றுலாக் கணக்கே போதாதா என்று கேட்கலாம். போதாது. 2023-இல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுப் பயணிகள் வருகை 28 கோடிக்கும் மேல் என்று பெருமையோடு சொல்கிறோம். அது தலைகளின் எண்ணிக்கை. மகாபலிபுரத்தில் அரை மணி நேரம் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவரும், அங்கே ஒரு வாரம் தங்கி சர்ஃபிங் கற்றுக்கொள்பவரும் அதில் ஒன்றுதான். தி.நகரிலிருந்து தினமும் நடேசன் பூங்காவுக்கு நடக்க வருகிறவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார், ஏனென்றால் அவர் பயணி இல்லை. ஆனால் அந்தப் பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் சுக்குக் காபியும் முளைகட்டிய பயறும் விற்கிறவர்களுக்கு அவர்தான் வாடிக்கையாளர். சென்னையின் எந்தப் பெரிய பூங்கா வாசலிலும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் மேசை போட்டு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் கேழ்வரகுக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார். எட்டரை மணிக்கெல்லாம் அவர்கள் கடையை எடுத்துக்கட்டிவிடுவார்கள். முதலீடு சில ஆயிரம். வேலை இரண்டரை மணி நேரம். அதை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. பூங்காவைப் பூட்டினால் அந்தக் கடையும் மூடிக்கொள்ளும். இது எந்தத் தொழில் ஆய்விலும் பதிவாவதில்லை.

மலைக்கு வருகிறேன். 2018 மார்ச் 11-ஐ சென்னை மறக்காது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இந்த ஊரிலிருந்து போன இளம் பெண்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வர வேண்டியவைதான். ஆனால் முறையான பாதை என்று சொல்லத்தக்கவை குறைவாகவே இருந்த காலம் நீண்டுபோனது. சனிக்கிழமை விடிந்தால் வண்டியைக் கட்டிக்கொண்டு நாகலாபுரம், தடா என்று ஆந்திர எல்லையைத் தாண்டும் சென்னை இளைஞர்களை நாம் எல்லாரும் அறிவோம். அவர்களின் சாப்பாட்டுச் செலவு, ஜீப் வாடகை, வழிகாட்டிக் கூலி எல்லாம் எல்லைக்கு அப்பால் போய்ச்சேர்ந்தது. பக்கத்து மாநிலத்துக்காரர் பிழைப்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் செங்கல் சூளைக்கும் வெளியூர்க் கூலிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை இதனால்தான் மனதாரப் பாராட்டுகிறேன். 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு, காட்டுத்தீ காலத்தில் பாதை மூடல். தொடங்கிய மூன்று மாதங்களில் 60 லட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் வந்ததாகவும் அதில் பெரும்பகுதி வழிகாட்டிகளாக வேலை செய்யும் பழங்குடியினருக்குப் போய்ச்சேர்ந்ததாகவும் அரசே அறிவித்தது. மாநில பட்ஜெட்டில் 60 லட்சம் ஒரு எண்ணே இல்லை. ஆனால் இருளர், மலையாளி, காணி ஆகிய பழங்குடி மக்கள் வாழும் ஒரு மலைக்கிராமத்தில் மாதம் சில ஆயிரம் நிச்சயமாக வந்தால் ஒரு பையன் சூளைக்குப் போகாமல் ஊரில் இருக்கிறான். காட்டைத் தெரிந்தவன் காட்டிலேயே இருக்கிறான். தீ பிடித்தால் முதலில் பார்ப்பவனும் அவன்தான். இதற்கு என்ன மதிப்புப் போடுவீர்கள்? நான் கேட்கும் கணக்கில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

கோவளம் இன்னும் பக்கத்தில் இருக்கிற பாடம். மீனவரான மூர்த்தி மேகவன் 2012 வாக்கில் அங்கே சர்ஃபிங் பள்ளி தொடங்கியபோது, குப்பத்துப் பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் போவதைப் பெரியவர்கள் விளையாட்டுத்தனமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியும் கொடுக்க முடியாத ஒன்று கையில் இருந்தது. வாடையா கொண்டலா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, இன்று கடல் இறங்கலாமா கூடாதா என்பது அவர்களுக்கு வீட்டுப் பாடம். இன்று கோவளத்திலும் மகாபலிபுரத்திலும் அலை கற்றுக்கொடுப்பதே பல மீனவ இளைஞர்களுக்கு வருமானம். 2021-இல் கோவளம் கடற்கரைக்கு, சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் சர்வதேச அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 2023 ஆகஸ்டில் மகாபலிபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பே அங்கு நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். சர்ஃபிங் பள்ளியைச் சுற்றி இட்லிக்கடை வந்தது, வாடகை அறை வந்தது, பலகை பழுது பார்க்கிறவர் வந்தார். அலையில் மாட்டிக்கொள்ளும் ஆட்களைப் பாய்ந்து காப்பாற்றுவதும் அதே பையன்கள்தான். அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. மெரினா முதல் மகாபலிபுரம் வரை ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுக்கிறோம். குப்பத்து இளைஞர்களைக் கடற்கரைக் காவலர்களாக நிரந்தரச் சம்பளத்தில் வையுங்கள். இந்த ஒரு செலவுக்கு எதிரே எத்தனை உயிர், எத்தனை வேலை என்று உங்கள் கணக்கிலேயே தெரியும்.

கோவளத்தைப் பாராட்டும்போது ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். கடற்கரை முதலில் மீனவரின் வேலையிடம். மற்ற எல்லாருக்கும் அது விருந்தினர் இடம். வலை காய வைக்கும் மணலில் மூங்கில் குடை நடுவதும், மீன் விற்கும் பெண்களைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஓரம் தள்ளுவதும் பொழுதுபோக்கு வளர்ச்சியில் சேராது. ஒரு வருமானத்தை அழித்து இன்னொன்றைக் காட்டும் கணக்கு நேர்மையானதல்ல. சென்னையின் மீனவ ஊர்களான நொச்சிக்குப்பமும் ஊரூர் குப்பமும் இழப்பதைக் கழித்துவிட்டுத்தான் லாபத்தை எழுத வேண்டும்.

இயற்கையையும் வருமானத்தையும் சேர்த்து எழுதுவது எப்படி என்று செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்று நமக்கு முன்பே காட்டிவிட்டது. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த ஊரார் அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் போய், பறவைகளைச் சுடக்கூடாது என்று உரிமை எழுதி வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று இன்றும் பெயர். அவர்கள் கணக்கில் நாரை, நெல், நிம்மதி மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன. இப்போது நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த ஊருக்கு வரும் கூட்டத்தால் பைனாகுலர் வாடகைக்கு விடுகிறவர் முதல் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் வரை பிழைக்கிறார்கள்.

ஆனால் 2020-இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்ததை நினைத்துப் பாருங்கள். மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு அது நின்றது. இப்படிப்பட்ட முன்மொழிவுகள் எப்போதும் எண்களோடு வருகின்றன: இவ்வளவு முதலீடு, இவ்வளவு வேலை. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஏரிக்கு எண் கிடையாது. பறவை அழகு, பாரம்பரியம், பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று உணர்ச்சியோடு பேசுவோம். கூட்டத்தில் கைதட்டுவார்கள், கோப்பில் ஏறாது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பல ஆண்டுகளாகச் சுருங்கி, குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறி, மிச்சமிருந்தது 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சதுப்புநிலம் வெள்ளத்தைத் தாங்கும் மதிப்பு, பூநாரை பார்க்க வருகிறவர்களின் மதிப்பு, சுற்றியுள்ள வீடுகளுக்குக் கிடைக்கும் காற்றின் மதிப்பு என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது ஒரு தாளில் எழுதியிருந்தால் அத்தனை எளிதாக அதை மூடியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் தளங்கள் உள்ளன. நாட்டிலேயே அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு வேண்டும்.

சரி, ஊருக்குள் வருவோம். என் மனம் அதிகம் வேகும் இடம் இதுதான்.

பெரிய மனை விரிவுகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், பத்தில் ஒரு பங்கை மக்கள் பயன்பாட்டுக்குத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர் நிலம் என்பார்கள். சட்டம் அருமை. நடப்பு வேறு. நான் வசிக்கும் பகுதியில் அப்படியொரு நிலத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கேட்டில் பூட்டுப் போட்டு, அத்துமீறி நுழையக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே முள் மண்டிக் கிடக்கிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சுவர் ஏறிக் குதித்து மட்டை வீசுகிறார்கள், யாராவது துரத்தினால் ஓடுகிறார்கள். தங்களுக்காக எழுதிக்கொடுக்கப்பட்ட இடத்திலேயே அந்தப் பிள்ளைகள் திருடர்களைப் போல் விளையாட வேண்டியிருக்கிறது. எத்தனையோ முறை மனு கொடுத்தும் 'நிதி ஒதுக்கீடு வந்ததும்' என்ற பதில்தான். ஒரு கேட்டைத் திறந்து, முள்ளை வெட்டி, இரண்டு விளக்கும் ஒரு கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் போட எவ்வளவு ஆகிவிடும்? பூட்டி வைத்திருப்பதால் ஆகும் நஷ்டம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால்தான் அந்தப் பூட்டு அங்கேயே இருக்கிறது.

இதே நேரத்தில் ஓ.எம்.ஆரிலும் வேளச்சேரியிலும் டர்ஃப் எனப்படும் தனியார் செயற்கைப் புல் திடல்கள் முளைத்திருக்கின்றன. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து நள்ளிரவு வரை ஆடுகிறார்கள். ஆடட்டும், மகிழ்ச்சி. விளையாட இந்த ஊரில் எவ்வளவு தவிப்பு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதைப் பார்த்து மாநகராட்சியும் கட்டணம் வைக்க நினைத்தது. 2024 அக்டோபரில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்தத் தீர்மானம் ஏன் எழுந்தது என்று யோசிக்க வேண்டும். பராமரிப்புச் செலவு எண்ணாக முன்னால் இருந்தது. வரவு எண்ணாக இல்லை. கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியில் ஒரு பையன் தினமும் மாலை இரண்டு மணி நேரம் மைதானத்தில் இருந்தால் அவன் எங்கே இல்லை என்பது அவன் அம்மாவுக்குத் தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கும் வேலைக்கும் போனவர்கள் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். 120 ரூபாய் கட்டணத்தில் முதலில் வெளியேறப்போவது அவர்களின் தம்பிகள்.

புதிதாக வரும் பூங்காக்களுக்கும் இதுவே பொருந்தும். கதீட்ரல் சாலையில் 2024-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா அழகான பூங்கா. நுழைய பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. இரண்டு பிள்ளைகளோடு வரும் தம்பதிக்கு உள்ளே கால் வைக்கும்போதே 300 ரூபாய் போய்விடும். அன்றாடக் கூலிக் குடும்பத்துக்கு அது அரை நாள் சம்பளம். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு மீட்டதும், அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவித்ததும் இந்த ஊருக்குக் கிடைத்த அரிய நல்வாய்ப்பு. அங்கே நடக்கவும் ஓடவும் உட்காரவும் காசு வாங்காதீர்கள். நுழைவுச்சீட்டில் வரும் வருமானத்தைவிட வாசலில் நடக்கும் வியாபாரமும், வெளியே குறையும் மருத்துவச் செலவும் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அளந்து பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மருத்துவச் செலவு என்றதும் ஒரு விஷயம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு. வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். தமிழ்நாடு நாட்டின் சராசரிக்கும் மேலே நிற்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது, நல்ல திட்டம். வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் அறிவித்தீர்கள். சென்னையில் அது பெசன்ட் நகர்ப் பக்கம் அமைந்தது. தண்டையார்பேட்டையில் இருக்கும் சர்க்கரை நோயாளிப் பாட்டி பெசன்ட் நகருக்குப் போய் நடக்க முடியாது. அவருக்கு வேண்டியது வீட்டு வாசலில் குழியில்லாத நடைமேடையும் நிழலும், இடையில் உட்கார ஒரு பெஞ்சும், அவசரத்துக்குக் கதவு பூட்டும் கழிப்பறையும். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை நிறைவேற்றியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

தண்டையார்பேட்டை என்று சொன்னதால் வடசென்னையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டு மெரினாவில் சேர்ந்தது. மெரினா அகலமானது அப்படித்தான். அந்த மணல் போய்ச்சேர வேண்டிய ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே பெரும்பகுதி கருங்கல் கொட்டிய கரையும் தூண்டில் வளைவுகளும்தான். ஒரு பக்கத்து மக்கள் இழந்த மணலில்தான் இன்னொரு பக்கம் நாம் காற்று வாங்குகிறோம். அதற்குமேல் எண்ணூரில் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவும். எனவே கணக்கு எழுதும்போது மண்டலவாரியாக எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு வெளி இருக்கிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த பூங்கா, அடுத்த நீச்சல் குளம், அடுத்த ஏரிக்கரை நடைபாதை எங்கே வர வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

பணத்துக்குள் அடங்காத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1988 முதல் மாணவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, ஆமை முட்டைகளைப் பாதுகாப்பாக எடுத்து வைக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். அதில் நடந்த பிள்ளைகள் கடற்கரையில் குப்பை போடுவதில்லை. மெரினாவில் 2022-இல் மரப்பாதை போட்ட நாளில், சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் கடல் நீருக்குப் பக்கத்தில் போனார்கள், சிலர் அழுதார்கள். சேர்ந்து நடக்கிறவர்கள், சேர்ந்து ஓடுகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தபோது யார் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதற்கு எண் போட முடியாது. போட முடியாததை வார்த்தையாகவாவது அந்த அறிக்கையில் எழுதுங்கள்.

அதிகக் கூட்டமும் கேடுதான். உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது அதனால்தான். எங்கே கூட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று தெரிய வேண்டுமானாலும் அளவு வேண்டும். கூட்டத்தை ஊட்டியில் குவிப்பதற்குப் பதில் செஞ்சிக்கோட்டைக்கும் கழுவெளிக்கும் பழவேற்காட்டுக்கும் பிரித்து அனுப்பினால் எத்தனை ஊர் பிழைக்கும் என்பதும் அதில் தெரியும்.

முதல் ஆண்டே முழு மாநிலத்தையும் அளக்க வேண்டாம். மெரினா, கோவளம், வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, ஜவ்வாது மலையில் ஒரு பாதை, வடசென்னையில் ஒரு கால்பந்துத் திடல், பூட்டிக் கிடக்கும் ஒரு ஓ.எஸ்.ஆர் நிலம், இவற்றை ஓராண்டு பாருங்கள். நான்கு பருவத்திலும் பாருங்கள், ஏனென்றால் மே மாத வெயிலில் காலியாக இருக்கும் இடம் மார்கழியில் நிரம்பி வழியும். யார் வருகிறார், என்ன செலவழிக்கிறார், அந்தக் காசு அதே ஊரில் தங்குகிறதா, பெண்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த பட்ஜெட்டோடு அதை ஒரு பின்னிணைப்பாக அவையில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஆண்டும் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். நடைப்பயிற்சிக் குழுக்களும் மலையேற்றக் குழுக்களும் பறவை பார்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு உங்கள் அலுவலர்களோடு வரத் தயார். கூப்பிட்டால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. மெரினாவில் மாங்காய் விற்கும் அம்மாவிடம் போய் "ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்?" என்று அரசு ஆள் கேட்டால் அவர் உண்மையைச் சொல்லமாட்டார். கடையை எடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று பயப்படுவார். அவர் அனுபவம் அப்படி. எனவே இந்தக் கணக்கெடுப்பில் கிடைக்கும் எந்தத் தகவலும் ஒரு வியாபாரியைக்கூட அப்புறப்படுத்தவோ அபராதம் போடவோ பயன்படாது என்று முதலில் அரசாணை போடுங்கள். அதைத் தமிழில் அச்சிட்டு, கணக்கெடுக்க வருகிறவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையில் வாழும் ஒரு குடிமகள்